வெங்கிணாந்தியா, பர்மிய மலைப்பாம்பா? தம்பலகாமத்தில் எடுத்த படம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வயல்வாடி (தம்பலகாமம்)

வணக்கம். பாம்புகளைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வயலில் வெள்ளாமை வெட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை விடியப்புறம் கோழிக்கூட்டுப் பக்கம் ஒரே சத்தம். அப்பா டோர்ச் அடித்துப் பார்த்தால், கூட்டைச் சுற்றிக் கட்டியிருந்த வலையில் ஒரு வெங்கிணாந்தி (எங்கள் பக்கத்து மலைப்பாம்பு) மாட்டிக் கிடக்கிறது. கிண்ணியாவில் மீன்பிடிக்காரர் ஒருவர் கழித்துவிட்ட நைலோன் வலை அது. தலை உள்ளே, உடம்பு வெளியே. திமிறத் திமிற இழை இறுகி, கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

பக்கத்து வளவுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் "கண்ணாடிப் புடையன்" என்று விஷப்பாம்பின் பெயரைச் சொல்லிக் கத்தினார், இன்னொருவர் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். அப்பாதான் நடுவில் நின்று மறித்தார். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்தோம். வந்தவர்கள் நனைத்த சாக்கைத் தலையில் போட்டு, கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுத்து, பிறகு காட்டுக்குள் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எட்டு, எட்டரை அடி இருக்கும்.

பிரச்சினை இனித்தான். படத்தை வாட்ஸ்அப்பில் ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினேன். அவன் பாம்பு வளர்ப்பவர்களோடு பழகுகிறவன். "இது நம்ம ஊர்ப் பாம்பு இல்லை, பர்மிய மலைப்பாம்பு. யாரோ வளர்த்துத் தப்பவிட்டது. காட்டில் விட்டிருக்கவே கூடாது, அமெரிக்காவில் என்ன நடந்தது என்று தேடிப் பார்" என்கிறான். அன்றிலிருந்து அப்பாவுக்கு நித்திரை இல்லை. ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் காட்டுக்குக் கெடுதல் செய்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

இரண்டு படம் இருக்கிறது. ஒன்று மேலிருந்து எடுத்தது, மற்றது பக்கவாட்டில், கொஞ்சம் கலங்கல். இது எந்த வகை, இரண்டு வகையையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

குச்சவெளிக்காரன்

படம் பார்த்தேன் தம்பி. நிறம் நல்ல கருங்கபிலம், புள்ளிகள் வெட்டி ஒட்டியதுபோல் தெளிவாக இருக்கின்றன. நம் பக்கத்து வெங்கிணாந்தி இதைவிட வெளிறியது. மச்சான் சொல்வது சரியாக இருக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. எட்டடி என்பதும் கனக்க நீளம்.

செதிலெண்ணி (உப்புவெளி)

தம்பி வயல்வாடி, முதலில் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மண்வெட்டிக்கு முன்னால் நிற்பது லேசான காரியம் இல்லை.

நான் முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவள். பாம்புத் தலைகளை வரைந்து வரைந்து கண் பழகிவிட்டது. அதனால் சொல்கிறேன்: நிறத்தையும் நீளத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எட்டடி என்பது இரண்டு வகைக்கும் சாதாரண நீளம். பர்மிய மலைப்பாம்பு வளர்ந்தால் நம்முடையதைவிடப் பெரிதாகும், உண்மைதான். புளோரிடாவில் 2023 ஆம் ஆண்டு பிடித்த ஒன்று 19 அடி இருந்தது. ஆனால் அதுவும் ஒருகாலத்தில் எட்டடியாக இருந்துதானே 19 அடிக்கு வந்தது? நீளம் எதையும் சொல்லாது.

தலையைப் பாருங்கள். உச்சியில் அம்புமுனை மாதிரி ஒரு கரும் அடையாளம், அதன் அகன்ற பக்கம் பிடரியில், கூர்ப்பக்கம் மூக்கை நோக்கி. பர்மியத்தில் அந்தக் கூர் அழுத்தமாக மூக்கு வரைக்கும் போகும். நம்முடைய வெங்கிணாந்தியில் பிடரிப் பக்கம் தெளிவாக இருக்கும். கண்களுக்கு இடையில் வரும்போது மங்கத் தொடங்கி, மூக்குப் பக்கம் கரைந்துபோகும். அந்த இடத்தில் தோல் வெளிர் கபிலமாகவோ, சில பாம்புகளில் இளஞ்சிவப்பாகவோ தெரியும்.

அடுத்தது விலாப்பக்கம். முதுகுப் புள்ளிகளை விடுங்கள், அதற்குக் கீழே பக்கவாட்டில் ஒரு வரிசை இருக்கிறதே, அதைப் பாருங்கள். நம்முடையதில் அந்தப் பக்கப் புள்ளிகளின் நடுவில் வெளிர் நிறம் இருக்கும், சன்னல் திறந்து வைத்த மாதிரி. பர்மியத்தில் அந்தச் சன்னல் இருக்காது.

மூன்றாவதுதான் ஆணிவேர். கண்ணுக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது. மேலுதட்டு ஓரத்தில் மூக்கிலிருந்து வாய்க்கோடி வரை ஒரு வரிசை செதில் இருக்கும், பக்கத்துக்கு 11 முதல் 13 வரை. நம்முடைய பாம்பில் அந்த வரிசையின் 6 ஆவது அல்லது 7 ஆவது செதில் மேலே எழும்பி நேராகக் கண்ணைத் தொடும். பர்மியத்தில் தொடாது, கண்ணுக்கும் உதட்டுச் செதிலுக்கும் நடுவே சின்னச் சின்னச் செதில்கள் ஒரு வரிசையாக வேலிபோல் நிற்கும். நிறம் மாறும், சேறு பூசும், வெளிச்சம் ஏமாற்றும். அந்த வேலி இருக்கிறதா இல்லையா என்பது பிறப்பிலிருந்து சாகும்வரை மாறாது.

உங்கள் படத்தில் விலாவின் சன்னல்கள் எனக்குத் தெரிகின்றன, நாலைந்து இடத்தில் நிச்சயமாக. அம்புமுனை முன்பக்கம் மங்கித்தான் இருக்கிறது, ஆனால் மூக்கில் சேறு அப்பியிருப்பதால் அதை வைத்து அடித்துச் சொல்ல மனம் வரவில்லை. கண்ணடி, அதாவது கண்ணுக்குக் கீழே உள்ள இடம், கலங்கல். வேறு படம் இருக்கிறதா? வந்திருந்த யாராவது எடுத்திருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

வயல்வாடி

மிக்க நன்றி டீச்சர். அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். சன்னல் என்று நீங்கள் சொன்னதும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "இருக்கு, இருக்கு" என்கிறார்.

வேறு படம் இல்லை. ஆளாளுக்குக் காணொளி எடுத்தார்கள், எல்லாம் தூரத்திலிருந்து எடுத்தது. ஒரு சந்தேகம்: பர்மியம் என்பது வேறு இனமா, அல்லது ஒரே இனத்தின் துணை இனமா? மச்சான் துணை இனம் என்கிறான். துணை இனம் என்றால் எதற்கு இவ்வளவு பதற்றம்?

மூதூர் மைந்தன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் பெரியப்பா மகாவலிக் கரையில், வெருகல் பக்கம், சின்ன வயதிலிருந்து மாடு மேய்த்தவர். அவர் எப்போதும் சொல்வார், வெங்கிணாந்தியில் இரண்டு சாதி உண்டு என்று. காட்டு மேட்டில் இருப்பது மஞ்சள், ஆற்றுப் படுகையில் இருப்பது கறுப்பு. கறுப்பு முரடு, மஞ்சள் சாது. அவர் பொய் சொல்கிறவர் இல்லை, இரண்டையும் நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் இங்கேயே இரண்டு வகை இருக்கிறதா?

செதிலெண்ணி

பெரியப்பா பார்த்தது உண்மைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் பார்த்தது ஒரே வகையின் வெவ்வேறு வேளைகளை. மலைப்பாம்பு செட்டை கழற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் மங்கிப்போய் இருக்கும், கண் பால் படிந்ததுபோல் ஆகிவிடும். கழற்றிய அன்றைக்குப் பார்த்தால் அதே பாம்பு எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மின்னும், வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் ஓடும். ஆற்றுப் படுகையில் கிடப்பது பாதி நேரம் நனைந்திருக்கும், நனைந்த செதில் கருத்துத்தான் தெரியும். குட்டியில் நிறங்கள் துலக்கமாகவும், வயதானதில் மங்கியும் இருக்கும். இவ்வளவையும் சேர்த்தால் ஒரே இனத்திலிருந்து நாலு சாதி பிரிக்கலாம்.

இப்படிப் பிரிப்பது மாடு மேய்த்த பெரியப்பா மட்டும் செய்த வேலை இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல, 1945 ஆம் ஆண்டு, இலங்கை மலைப்பாம்பை இந்தியப் பாம்பிலிருந்து பிரித்து "பிம்புரா" என்று தனித் துணை இனமாகவே எழுதினார். சிங்களத்தில் இந்தப் பாம்புக்கு உள்ள பெயரையே வைத்தார். எனக்கு அந்தப் பெயர் மிகவும் பிடிக்கும், நம் மண்ணின் பெயர் ஒன்று விலங்கியல் ஏட்டில் ஏறியதே என்று. ஆனால் அது நிலைக்கவில்லை. இன்றைக்கு இலங்கைப் பாம்பும் இந்தியப் பாம்பும் ஒன்றே என்று கொள்கிறார்கள், இரண்டுக்கும் பெயர் பைதன் மொலூரஸ். அதில் மொலூரஸ் என்பது 1758 இல் லின்னேயஸ் வைத்த பெயர்.

இனி தம்பி கேட்டதற்கு வருகிறேன். பர்மியத்துக்கு 1820 இல் கூல் என்பவர் பிவிட்டாட்டஸ் என்று பெயர் வைத்தார். நான் படித்த காலத்தில் புத்தகங்களில் அது மொலூரஸின் துணை இனம். 2009 ஆம் ஆண்டு ஜேக்கப்ஸ், ஆலியா, பியோமே என்ற மூவர் இரண்டையும் தனி இனங்களாகப் பிரித்தார்கள். அவர்கள் காட்டிய நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது. வடகிழக்கு இந்தியா, நேபாளம், பங்களாதேஷ் பக்கம் இரண்டும் வாழ்கின்றன. ஒன்றோடு ஒன்று கலந்து நடுத்தரமான பாம்பாக அங்கே மாறிவிடவில்லை. மொலூரஸ் வறண்ட நிலத்தை விரும்புகிறது, பிவிட்டாட்டஸ் நீர் ஓரத்தை. துணை இனம் என்றால் எல்லையில் கலக்கும், படிப்படியாக ஒன்றிலிருந்து மற்றதாக மாறும். இங்கே அது இல்லை. உங்கள் மச்சான் பழைய புத்தகம் வாசித்திருப்பார், அவ்வளவுதான். அதே 2009 கட்டுரையில் பர்மியத்துக்குள்ளேயே சுலவேசித் தீவின் குட்டை வகையைப் புதிய துணை இனமாக எழுதினார்கள், புரொக்ஸ்காய் என்று பெயர்.

சிட்னி மருமகன்

நான் சாம்பல்தீவில் பிறந்தவன், இப்போது சிட்னியில். துணை இனம் எல்லையில் கலக்கும் என்று டீச்சர் எழுதியதை இங்கே கண்ணால் பார்க்கலாம், அதனால் சொல்கிறேன்.

இங்கே கார்ப்பெட் மலைப்பாம்பு என்று ஒரு இனம், அதில் பல துணை இனங்கள். சிட்னியைச் சுற்றி இருப்பதை டயமண்ட் என்பார்கள். கறுப்பு உடம்பு, ஒவ்வொரு செதிலிலும் வெண்ணெய் நிறத்தில் ஒரு பொட்டு, சில இடங்களில் அந்தப் பொட்டுகள் கூடிப் பூப்போல் நிற்கும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் கூரைக்குள் ஒன்று வருடக்கணக்காக இருக்கிறது, அவர் விரட்டுவதில்லை, எலித் தொல்லை இல்லை என்கிறார். மேலே குவீன்ஸ்லாந்து போனால் கரையோரத் துணை இனம், கபில நிறத்தில் ஒழுங்கில்லாத பட்டைகள். இன்னும் வடக்கே, மழைக்காட்டில், கறுப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று ஒன்று.

இரண்டு முனையில் உள்ளதையும் பக்கத்தில் வைத்தால் சின்னப்பிள்ளையும் வேறு வேறு என்று சொல்லும். ஆனால் நடுவில், நியூ சவுத் வேல்ஸின் வடகரையில், பொட்டும் இருக்கும், பட்டையும் இருக்கும். அங்கே போய் "இது எது?" என்று கேட்டால் சரியான பதில் "இரண்டும்" என்பதுதான். வேலைக்காக அந்தப் பக்கம் போனபோது வீதி ஓரத்தில் ஒன்றைப் பார்த்தேன். கழுத்திலிருந்து பாதி வரை டயமண்ட் மாதிரியும், பிறகு பட்டையாகவும் இருந்தது. எங்கே எடுத்த படம் என்று சொல்லாமல் இந்தப் பாம்புகளுக்குப் பெயர் சொல்லவே முடியாது.

செதிலெண்ணி

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. இடம் என்பதும் ஒரு அடையாளம்தான். பர்மிய மலைப்பாம்பு இயற்கையாக வாழ்வது மியான்மார், தாய்லாந்து, வியட்நாம், தென்சீனா, ஜாவா, பாலி, சுலவேசி இந்தப் பக்கங்களில். இலங்கைக் காடுகளில் அது இல்லை. தம்பலகாமத்தில் ஒன்று பிடிபட்டால் அது வெங்கிணாந்தியாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

ஆனால் மச்சானின் பயத்தையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. புளோரிடாவிலும் மலைப்பாம்பு இயற்கையில் இல்லைதான். வளர்க்கக் கொண்டுபோனவை, தப்பியவை, விட்டவை. 1992 இல் ஆண்ட்ரூ புயல் ஒரு வளர்ப்பு நிலையத்தை உடைத்ததும் அதில் சேர்த்தி. இன்றைக்கு எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் முயலும் ரக்கூனும் காணக் கிடைப்பதே அரிது. 2018 இல் அங்கே சுமார் 400 பாம்புகளின் மரபணுவைப் பார்த்தார்கள். எல்லாம் பர்மியம் என்று நினைத்திருந்த இடத்தில், 13 பாம்புகளில் மொலூரஸின் தடயம் இருந்தது. காட்டில் கலக்காத இரண்டும் மனிதர் கையில் அடைபட்டபோது கலந்துவிட்டன. அப்படிப்பட்ட கலப்பை வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். அம்புமுனை ஒன்றைச் சொல்லும், விலா வேறொன்றைச் சொல்லும். அதனால்தான் ஒரு அடையாளத்தோடு நிற்காமல் மூன்றையும் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, பெயர் மாறினால் சட்டமும் மாறும். சர்வதேச வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தில் நம்முடைய பாம்பு முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது, வணிகம் முழுத் தடை. பர்மியம் இரண்டாவதில், அனுமதியோடு விற்கலாம். துறைமுகத்தில் ஒரு பெட்டியைத் திறக்கும் சுங்க அதிகாரிக்கு, அந்தக் கண்ணடிச் செதில் வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கிண்ணியா உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். இதை எல்லாம் வாசித்துக்கொண்டு வருகிறேன். எனக்கு பர்மியமா இந்தியமா என்பதைவிட வேறு கவலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை ஓரம், போன வருடம் என் மகன் சின்னப் பாம்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கபிலப் புள்ளி போட்டது. வாப்பா பார்த்துவிட்டு "வெங்கிணாந்திக் குட்டி, ஒன்றும் செய்யாது" என்றார். மாமா "புடையன் குட்டி" என்று பதறினார். யார் சொன்னது சரி என்று இன்றுவரை தெரியாது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

செதிலெண்ணி

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. இந்தக் கேள்விதான் இங்கே எல்லாவற்றிலும் முக்கியமானது.

முதலில் ஒரு வார்த்தை: இனிமேல் புள்ளி போட்ட எந்தச் சின்னப் பாம்பையும் மகன் கையால் தொடவேண்டாம், அது என்னவாக இருந்தாலும். நான் சொல்லப்போவது தூரத்தில் நின்று பார்ப்பதற்கு.

கண்ணாடிப் புடையனின் முதுகில் புள்ளிகள் ஒழுங்காக, சங்கிலி கோர்த்ததுபோல் வரும். நடு முதுகில் ஒரு வரிசை, இரு பக்கமும் ஒவ்வொன்று, மொத்தம் மூன்று. ஒவ்வொரு புள்ளியும் நீள்வட்டம், கறுப்பு விளிம்பு, அதற்கு வெளியே பல இடங்களில் வெள்ளைக் கோடு. வெங்கிணாந்தியின் புள்ளிகள் அப்படி இல்லை. ஒன்று சதுரம், ஒன்று கோணல், ஒன்று பக்கத்துப் புள்ளியோடு ஒட்டியது, வெடித்த குளத்துச் சேறு மாதிரி. புடையனின் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் ஒரு முகடு ஓடும், அதனால் உடம்பு மினுக்கம் இல்லாமல் சொரசொரப்பாகத் தெரியும். வெங்கிணாந்தி வழுவழுப்பு. புடையனின் தலை முழுக்கப் பொடிச் செதில், மலைப்பாம்பின் தலை முன்பக்கம் பெரிய தகடுகள். மேலுதட்டின் முன் நுனியில் சின்னக் குழிகள் இருக்கும், இரையின் உடல் வெப்பத்தை உணர்வதற்கு. புடையனுக்கு அந்தக் குழி கிடையாது.

குட்டி என்றால் நீளமும் உதவும். புடையன் குட்டி போடும், பிறக்கும்போது ஒரு அடிக்கும் குறைவு. வெங்கிணாந்தி முட்டையிலிருந்து வரும்போதே ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். அரை முழம் நீளத்தில் ஒன்றைப் பார்த்தால் அது வெங்கிணாந்தி என்று நினைக்கவே வேண்டாம். மண்ணுளிப் பாம்பு ஒன்றும் இருக்கிறது, அதற்கும் இதே மாதிரிப் புள்ளி, ஆனால் வால் வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக இருக்கும், விஷம் இல்லை.

சந்தேகம் வந்தால் புடையன் என்றே வைத்துப் பின்னால் போங்கள், கொல்லாமல் விட்டுவிட்டு.

குச்சவெளிக்காரன்

டீச்சர், நான் முதலில் நிறத்தை வைத்துச் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் பழைய படங்கள் மூன்று இருந்தன, நிலாவெளி வீதியில் கடந்துபோனபோது எடுத்தவை. எல்லாவற்றிலும் பக்கப் புள்ளிக்குள் வெளிர் நடு இருக்கிறது. இத்தனை வருடம் பார்த்தும் அதை நான் கவனிக்கவில்லை.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று கேட்கலாமா? எது எது எடுத்தால் உங்களுக்கு உதவும்?

செதிலெண்ணி

தலையின் பக்கவாட்டு, கண்ணும் உதடும் தெளிவாக. அது ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடியும். பிறகு தலை உச்சி, நடு உடம்பின் விலா. மூன்றும் தூரத்தில் நின்று பெரிதாக்கி எடுக்கவேண்டும். எட்டடிப் பாம்பு இரண்டு, மூன்று அடி பாய்ந்து கடிக்கும், பற்கள் பின்னோக்கி வளைந்தவை, இழுத்தால் கிழியும். மதிய வெயிலில் செதில் பளபளத்து ஒன்றும் தெரியாது, நிழலில் எடுத்தால் நல்லது.

வயல்வாடி

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து நாளாக எழுதவில்லை. எழுத ஒரு விஷயம் இருக்கிறது, படங்களையும் இணைத்திருக்கிறேன்.

நேற்று வாய்க்கால் துப்புரவு செய்தோம். கோழிக்கூட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு பழைய மதகு, அடியில் குழாய் உடைந்து கிடக்கிறது. அப்பா குனிந்து குப்பையை இழுத்தபோது செட்டை ஒன்று கையோடு வந்தது. முழுச் செட்டை, வால் நுனிகூட அறவில்லை. அளந்தோம், பத்து அடி ஐந்து அங்குலம். அப்பா "இது வேறு பாம்பு, நாம் பார்த்தது இவ்வளவு நீளம் இல்லை" என்றார்.

தங்கச்சியின் பள்ளிக்கூட உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்து, வாடித் திண்ணையில் வெள்ளைச் சேலை விரித்து அதன் மேல் பரப்பினோம். செட்டையில் நிறம் இல்லை, ஆனால் புள்ளி இருந்த இடமெல்லாம் சாம்பல் நிழலாகத் தெரிகிறது. நடு உடம்பில் குறுக்கே செதில் வரிசையை எண்ணினேன். இரண்டு தடவை 64, ஒரு தடவை 65.

பிறகு தலை. அது உள்வெளியாகத் திரும்பியிருந்தது, காலுறையைக் கழற்றியதுபோல். கண் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கண்ணாடி வில்லை, அப்படியே முழுதாக. பாம்புக்கு இமை இல்லை, அந்த வில்லைதான் கண்ணைக் காக்கிறது என்று தங்கச்சி சொன்னாள். அதன் கீழ் விளிம்பைப் பிடித்து மூக்கிலிருந்து எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவது செதில் உயர்ந்து போய் வில்லையைத் தொடுகிறது. நடுவில் எதுவும் இல்லை. மறுபக்கமும் அதே ஆறாவது. டீச்சர், படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் பிழையாக எண்ணியிருக்கக்கூடாது.

செதிலெண்ணி

மூன்று தடவை பார்த்தேன். நீங்கள் எண்ணியது சரி. இரு பக்கமும் ஆறாவது தொடுகிறது, வேலி இல்லை. மொலூரஸ்தான், நம் வெங்கிணாந்திதான்.

வரிசை எண்ணியது மிக நல்ல வேலை. கண்ணாடிப் புடையனுக்கு முப்பதைச் சுற்றித்தான் வரும், மண்ணுளிக்கு அதிகம் போனால் ஐம்பத்தைந்து. அறுபதைத் தாண்டினால் இங்கே மலைப்பாம்பைத் தவிர வேறு இல்லை.

நீளத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள்: செட்டை கழலும்போது இழுபடும், செதில்களுக்கு நடுவே மடிந்திருக்கும் தோலும் விரிந்துவிடும். எட்டரை அடிப் பாம்பின் செட்டை பத்தடி இருப்பது வழக்கம். அதே பாம்பு என்று செட்டையை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கூட்டிலிருந்து நாற்பது அடி, அளவும் பொருந்துகிறது. இன்னொன்றும் பொருந்துகிறது. உங்கள் படத்தில் பாம்பு ஏன் அவ்வளவு கறுத்து மின்னியது என்று முதல் நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். செட்டை கழற்றிய கையோடு பசியில் கோழி தேடி வந்திருக்கிறது. மச்சானை ஏமாற்றியது அந்தப் புதுத் தோல்.

விலாவின் சன்னல்கள் படத்திலேயே தெரிந்தவை. அதோடு இந்தச் செட்டை, அதோடு இடம். எனக்கு இனிச் சந்தேகம் இல்லை.

மூதூர் மைந்தன்

பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கறுப்பு முரடு என்றேனே, அது கழற்றின பசியா இருக்கும்" என்றார். அடுத்த தடவை கண்ணடியைப் பார்ப்பாராம்.

வயல்வாடி

மச்சானுக்கும் படங்களை அனுப்பினேன். அங்கே அவனுக்குத் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி, அவரும் இந்திய வகை என்று சொன்னாராம். "மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு" என்றான்.

அப்பா செட்டையைப் பழைய பத்திரிகையில் சுருட்டி, தங்கச்சி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவென்று எடுத்து வைத்திருக்கிறார். இன்றைக்குக் காலையில் எழும்பிக் கோழிக்கூட்டு நைலோன் வலையை முழுவதும் அவிழ்த்துவிட்டார். திருகோணமலை டவுனிலிருந்து அரை அங்குலக் கண் கம்பிவலை வாங்கி வந்து மத்தியானத்துக்குள் அடித்து முடித்தோம். மதகுக் குழாயை மட்டும் அடைக்க வேண்டாம் என்கிறார்.